ஆறாத கறி

மான் குடும்பத்தில் மிகப் பெரியது மூஸ். அலாஸ்காவில் நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 700 கிலோவைத் தொடும். அதில் உண்ணக்கூடிய கறியே 200 கிலோவுக்கு மேல் தேறும். செப்டம்பரில் அதை வேட்டையாடுபவர்களுக்குச் சுடுவதைவிடச் சுட்டதை ஆறவைப்பதுதான் பெரும்பாடு.

குளிர்நாட்டில் கறி தானாக ஆறிவிடாதா? ஆறாது. உறைபனியைத் தாங்குவதற்காக வளர்ந்த ரோமமும் தடித்த தோலும் உயிர் போன பிறகும் சூட்டை வெளியே விடுவதில்லை, போர்வை சுற்றிய சோற்றுப்பானை மாதிரி. அதிலும் பின்தொடையில், இடுப்பு மூட்டை ஒட்டிய ஆழத்தில், சூடு பல மணி நேரம் தங்கும். பாக்டீரியா வேகமாகப் பெருகுவது 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. எலும்போரம் கறி புளித்து நாறத் தொடங்கியிருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் உடனே தோலை உரிக்கிறார்கள். வயிற்றைக் கீறுவதானால் கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும். இரைப்பையோ சிறுநீர்ப்பையோ கிழிந்தால் உள்ளிருப்பது கறியில் வழிந்துவிடும். ஆனால் இவ்வளவு பெரிய உடலைப் புரட்டுவதே கடினம் என்பதால், பலர் வயிற்றைத் தொடாமல் மேலே இருக்கும் பக்கத்தின் தோலை உரித்து, காலையும் தொடையையும் முதலில் கழற்றிவிடுகிறார்கள். பின்தொடையில் மூட்டைத் தேடிப்பிடித்து வெட்ட வேண்டும். முன்னங்கால் எளிது: அதை உடம்போடு பிணைக்கும் எலும்பு மூட்டே கிடையாது, தசையை அறுத்தால் கையோடு வந்துவிடும். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றித் தாராளமாகக் கழித்துவிடுவது நல்லது. ஈயக் குண்டின் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிப்போயும் கிடக்கும்.

துண்டுகளைக் காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். மேற்புறம் உலர்ந்து பொருக்குத் தட்டினால் ஈ முட்டையிட ஈரம் கிடைக்காது. சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளிப்பவர்களும் உண்டு. பிளாஸ்டிக் பை மட்டும் ஆகவே ஆகாது. சூடும் ஈரமும் அதற்குள்ளேயே அடைந்துகொள்ளும்.

உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவருவது அலாஸ்காவில் குற்றம். கறியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் முதலில் தூக்கிப்போகவும் முடியாது. கொம்புக்காகவே வருகிறவர்களுக்கு இப்படியொரு கடிவாளம் தேவைதான்.

சமைக்கும்போது, கொத்துக்கறியின் உள்வெப்பம் 71 டிகிரியைத் தொட வேண்டும். கரடிக்கறியில் கூடுதல் கவனம் தேவை. அதில் இருக்கக்கூடிய டிரிக்கினெல்லா புழுவில் வடதுருவ வகை உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும்.