வேலை இல்லாத காலத்துக்கு எத்தனை நாள் உதவி?

வேலை இல்லாதவருக்கு வரும் உதவித்தொகை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது, அவர் இன்னும் வேலை கிடைக்காதவரா, இருந்த வேலையை இழந்தவரா என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் திட்டங்கள் வேறு, கெடுவும் வேறு.

எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருப்பவருக்கு உரியது தமிழ்நாடு அரசின் உதவித்தொகை. புதுக்கோட்டையிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பிக்கத் தவறாமல் 5 ஆண்டுகள் முடித்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும் இந்தப் பணம் 3 ஆண்டுகளோடு நின்றுவிடும். இடையில் ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். ஆக, ஒரு பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். ஐந்தாண்டு காத்திருப்புக்கு இது மிகச் சிறிய தொகைதான். மாற்றுத்திறனாளிகளுக்கு விதி சற்று இரக்கமானது: பதிந்து ஓராண்டு ஆனால் போதும், வருமான வரம்பு இல்லை, 10 ஆண்டுகள் வரை பெறலாம்.

ஊரைவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்து அதை இழந்தவருக்கு வேறு வழி உண்டு. ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்பால் வேலை போனால் 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி திட்டம் உதவும். தொடக்கத்தில் 6 மாதமாக இருந்த அதன் கெடு, விதி திருத்தப்பட்டு 12 மாதமாகி, பின்னர் 24 மாதமானது. முதல் ஆண்டில் சம்பளத்தில் பாதி, அடுத்த ஆண்டில் கால் பங்கு கிடைக்கும்.

2018 ஜூலையில் வந்த ஈ.எஸ்.ஐ.யின் இன்னொரு திட்டமான அடல் திட்டத்தில் நாள் குறைவு. வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் 90 நாள், தொடக்கத்தில் சராசரி தினக்கூலியில் கால் பங்கு. கொரோனா ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் வேலையின்றி ஊர் திரும்பியபோது அரசு விதியைத் தளர்த்தியது. 2020 மார்ச் 24 முதல் டிசம்பர் 31 வரையான காலத்துக்குத் தொகை பாதிக் கூலியாக உயர்ந்தது. வேலை போய் 90 நாள் கழித்தே கேட்கலாம் என்றிருந்தது 30 நாளாகக் குறைந்தது. பழைய முதலாளி வழியாகப் போகாமல், தொழிலாளி நேரே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கவும் முடிந்தது. மூடிய கம்பெனியின் கையெழுத்துக்கு அலைய வேண்டியிராத இந்த மாற்றம், தொகை உயர்வைவிடப் பெரிய நிம்மதி. நாள் கணக்கு மட்டும் கூடவில்லை. தினக்கூலி 400 ரூபாய் வாங்கியவருக்கு 9,000 ரூபாய்க்குப் பதில் 18,000 என்றானது, ஆனால் அதே 90 நாளுக்குத்தான்.

ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவரும், பணி ஓய்வு பெற்றவரும் அடல் திட்டத்தில் சேர மாட்டார்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்காத சிறு கடை, கட்டட வேலை, வயல் வேலை செய்தவர்களுக்கு இந்த இரண்டு ஈ.எஸ்.ஐ. திட்டங்களிலும் ஒரு நாளைக்குக்கூட உரிமை இல்லை.