மனசுக்கும் உண்டு செக்கப்!

குழந்தைக்கு ஜுரம் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். மனசு சுடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கும் வழி இருக்கிறது!

பிறந்த குழந்தைக்குத் தவறாமல் எடை பார்க்கிறோம். தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பத்திரப்படுத்துகிறோம். பல்லில் சொத்தை என்றாலோ, போர்டில் எழுதியது தெரியவில்லை என்றாலோ உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால், தினமும் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற குழந்தையை? 'எல்லாம் நடிப்பு. நாலு போட்டா சரியாயிடும்!' பல வீடுகளில் இதுதானே வைத்தியம்?

கொஞ்சம் பொறுங்கள். அது நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். 'பயமா இருக்கு', 'மனசு பாரமா இருக்கு' என்று சின்னக் குழந்தைகளுக்கு விவரமாகச் சொல்லத் தெரியாது. தலைவலி, வயிற்றுவலி என்றுதான் சொல்லத் தெரியும். உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது மனசைத்தான்.

பதினாலு வயசுக்குள்ளேயே!

'குழந்தைக்கு என்ன கவலை? நல்லா சாப்பிடுது, விளையாடுது' என்பீர்கள். அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஆயுளில் எப்போதாவது வரும் மனநலக் கோளாறுகளில் பாதி, 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றனவாம். நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. அதில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. 40 பேர் இருக்கிற வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பிள்ளைகள்! அந்த மூன்று பேர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருபத்தைந்தே கேள்விகள்

லண்டனைச் சேர்ந்த குழந்தைகள் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன், 1997-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். மொத்தமே 25 கேள்விகள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அடிக்கடி உடம்பு வலி என்கிறானா? ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறானா? நெருங்கிய சிநேகிதன் ஒருவனாவது உண்டா? மற்ற பிள்ளைகள் சீண்டுகிறார்களா? எல்லாம் இப்படி நமக்குத் தெரிந்த விஷயங்கள்தான். 'இல்லை', 'ஓரளவு', 'நிச்சயமாக' என்று மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும்.

பிள்ளையின் குறைகளை மட்டும் இது நோண்டுவதில்லை. பிறருக்கு உதவுகிறானா, இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறானா என்றும் கேட்கிறது. பெயரே 'பலங்களும் சிரமங்களும்' என்பதுதான்! உலகின் பல மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் உண்டு.

அதைவிட முக்கியமான விஷயம், பதில் சொல்வது யார் என்பது. பெற்றோருக்கு ஒரு தாள், டீச்சருக்கு ஒரு தாள், 11 வயதுக்கு மேல் என்றால் பிள்ளைக்கே ஒரு தாள். எதற்கு மூன்று? வீட்டில் பூனையாக இருப்பவன் வகுப்பில் புலியாக இருக்கலாம். வகுப்பில் 'ரொம்ப சமத்து' என்று பெயர் வாங்குகிற பெண், ராத்திரி தலையணையை நனைக்கலாம். அம்மாவுக்குத் தெரிவது டீச்சருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரியாதது பிள்ளைக்கு மட்டும் தெரியும்!

பிரிட்டனில் 5 முதல் 15 வயது வரையிலான சுமார் 8,000 குழந்தைகளிடம் இதைச் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார் குட்மன். எல்லோருடைய பதிலையும் சேர்த்துப் பார்த்தபோது, நிஜமாகவே மனநலப் பிரச்னை இருந்த 100 குழந்தைகளில் 63 பேர் கண்ணில் பட்டார்கள். ஒருவர் பதிலை மட்டும் வைத்துப் பார்த்தபோது இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

முத்திரை குத்தாதீர்கள்!

அப்படியானால் மீதி 37 பேர்? தாளில் தப்பிவிட்டார்கள். அதோடு, பிரச்னை எதுவும் இல்லாத 100 பேரில் ஐந்து பேரைப் போல 'சந்தேகம்' பட்டியலில் வந்துவிட்டார்கள். ஆகவே, மார்க் அதிகம் வந்ததும் 'என் பிள்ளைக்கு மனநோய்' என்று பதறவும் வேண்டாம். குறைவாக வந்தால் 'அப்பாடா' என்று மறந்துவிடவும் வேண்டாம். தெர்மாமீட்டர் ஜுரத்தைக் காட்டும். அது டைபாய்டா, மலேரியாவா என்று சொல்லாது. அதைச் சொல்ல டாக்டர் வேண்டும். இதுவும் அப்படித்தான்.

அம்மா நலமா?

பிள்ளையைக் கவனிக்கிற உங்களை யார் கவனிக்கிறார்கள்? மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட தாய்மார்களையும் அவர்களுடைய 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளையும் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. மூன்றே மாதத்தில் அம்மா குணமான வீடுகளில், பிரச்னை உள்ள பிள்ளைகள் 35 சதவிகிதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தார்கள். அம்மா குணமாகாத வீடுகளிலோ 43 ஆகக் கூடிவிட்டது! 'எனக்கென்ன, பிள்ளைங்க நல்லா இருந்தா போதும்' என்று தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் அம்மாக்களே, உங்கள் சிகிச்சை பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

* வாரம் ஒருநாள், பதினைந்து நிமிஷம் மார்க், ஹோம்வொர்க் பேச்சே எடுக்காமல் பேசுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். தலைவாரும்போதோ, சேர்ந்து கடைக்கு நடக்கும்போதோ பேச்சு தானாக வரும்.

* 'இன்னிக்கு ஸ்கூல் எப்படி?' என்றால் 'ம்' என்ற பதில்தான் வரும். 'இன்னிக்கு யார்கூட சாப்பிட்டே?', 'எப்போ கஷ்டமா இருந்துச்சு?' என்று கேளுங்கள்.

* சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பாயாதீர்கள். 'இதுக்குப் போய் அழுவாங்களா!' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அடுத்த முறை வாயே திறக்க மாட்டான்.

* பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை மட்டும் கேட்காமல், 'யாரோட பழகுறா? இடைவேளையில தனியா இருக்காளா?' என்று டீச்சரிடம் விசாரியுங்கள்.

எப்போது டாக்டர்?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோகம் அல்லது எரிச்சல், தூக்கமோ பசியோ மாறுவது, திடீரென்று படிப்பில் சரிவு, சிநேகிதர்களிடமிருந்து ஒதுங்குவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். வீடு, படிப்பு, நட்பு, விளையாட்டு எல்லாவற்றையும் அது பாதிக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 'செத்துப்போயிடலாம்னு இருக்கு' என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்காமல் அன்றைக்கே உதவி தேடுங்கள், தனியாகவும் விடாதீர்கள். அதைப்பற்றி நேரடியாகக் கேட்டால் எண்ணம் வளர்ந்துவிடும் என்பது தவறான பயம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். குழந்தைகள் தாங்களே அழைக்கக்கூடிய எண் 1098. தடுப்பூசி அட்டை இருக்கிற பீரோ கதவிலேயே இந்த இரண்டு எண்களையும் எழுதி ஒட்டிவையுங்கள்.