தடைக்காலத்தில் இறங்கும் பேட்டரி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேட்டு விசைப்படகுகள் கட்டியபடியே கிடக்கும். தடை முடிந்து செல்ஃப் அடித்தால் இன்ஜின் அசையாது. உடனே 'பேட்டரி போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கோடை விடுமுறை முழுக்கக் கொரட்டூர் தெருவில் நின்ற காருக்கும் இதே தீர்ப்புதான். ஆனால் கணக்குப் போட்டால் வேறொன்று தெரியும். ஓயாமல் கசியும் வெறும் 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 61 நாளில் 73 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மிஞ்சுவது கால் பங்கு. அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, நல்ல பேட்டரியும் நிஜமாகவே கெட்டுப்போகும். கசிவைத் தேடாமல் புதியது வாங்கினால் அதற்கும் அதே கதிதான்.

சும்மா வைத்தாலே பேட்டரி இறங்கத்தானே செய்யும் என்று கேட்கலாம். இறங்கும், சென்னை வெயிலில் இன்னும் வேகமாக. அதனால்தான் முதலில் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, சில நாள் விட்டுப் பார்க்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது 12.2-க்கு வந்தால் பாதி போய்விட்டது, கோளாறு பேட்டரிக்குள் இருக்கிறது. நிலையாக நின்றால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றே என்பது அடுத்த வாதம். படகில் அது போதாது. அடியில் சேரும் நீரைத் தானாக இறைக்கும் பம்பை அந்தச் சுவிட்சுக்கு முன்னாலேயே இணைப்பது வழக்கம், அதுவே சரி. ஆளில்லாத படகை மூழ்காமல் காப்பது அதுதான். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரும் சில படகுகளில் நேரே பேட்டரிக்கு வருகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் இந்தக் கருவிக்குள் டயோடுகள் இருக்கின்றன. மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒருவழிக் கதவுகள் அவை. ஒன்று பழுதானால், இன்ஜின் நின்றிருக்கும்போதும் ஆல்டர்னேட்டர் வழியாகச் சார்ஜ் இறங்கலாம்.

ஊகத்தை விட்டு அளக்கத் தொடங்கினால் வேலை எளிது. கழற்றிய நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணைக்க வேண்டும். அப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் கருகும். புதிய கார்களில் கணினிகள் உறங்கும்வரை அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத கசிவு தெரியும். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதில் அளவு சட்டென விழுகிறதோ அந்த இணைப்பில்தான் கசிவு. எல்லாவற்றையும் பிடுங்கியும் விழவில்லையென்றால் பம்ப், ஆல்டர்னேட்டர் போன்ற நேரடி ஒயர்களைத் தனித்தனியே கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.