முன்கதவா, மேல்மூடியா?

சலவை இயந்திரம் சீமான் வீட்டுச் சிங்காரப் பொருள் அல்ல, தோழர்களே! துணி தோய்த்துத் தோய்த்துத் தோள் வலிக்கும் தாய்மார்களுக்கு அது ஓய்வு தரும். ஆகவே ஆராய்ந்தே வாங்குவோம்.

முன்கதவு இயந்திரத்தில் துணி மேலேறி விழுந்து, அடிபட்டு அழுக்கு நீங்குகிறது. கொஞ்சம் தண்ணீர் போதும். மேல்மூடி இயந்திரத்தில் துணி மூழ்கிச் சுழல்கிறது. தண்ணீர் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். வறண்ட இராமநாதபுரத்துக்கு முன்கதவுதானே ஏற்றது என்பீர்கள்.

பொறுங்கள்! அதற்கு விலை அதிகம். குழாயில் நீர் அழுத்தத்தோடு வர வேண்டும். உவர்நீரானால் சூடேற்றும் கம்பியில் உப்புப் படியும். தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் வரும் வீட்டில் குழாய்க்கு எங்கே போவது? அங்கே மேல்மூடி வகையிலேயே இரட்டைத் தொட்டி இயந்திரம் கைகொடுக்கும். வாளியால் ஊற்றலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்பு நீரிலேயே, கடலுக்குப் போய்வந்த உடுப்பையும் துவைக்கலாம். குழாய் உள்ள வீட்டார் முன்கதவை வாங்கட்டும். குடம் சுமக்கும் வீட்டார் இரட்டைத் தொட்டியை வாங்கட்டும். எதுவானாலும் உப்புக் காற்று படாத இடத்தில் வையுங்கள், தகடு துருப்பிடிக்கும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க., இலவசச் சலவை இயந்திரம் தருவதாக அறிக்கை விட்டது. நாம் கேட்கிறோம்: தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டி, அகப்பையால் நீர் மொள்ளும் பெண்ணுக்கு எந்த இயந்திரம் தருவது? காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் இம்மாவட்டத்துக்கு வருகிறது. அது கடைசிக் குடிசை வரை வந்தாக வேண்டும்!

இயந்திரத்தின் வாய் எப்பக்கம் இருந்தால் என்ன? முதலில் குழாயின் வாய் நனையட்டும்!