விளம்பரத்துக்குக் கடன் கேட்பதற்கு முன்



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் விண்ணப்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய இனம் சேர்ந்திருக்கிறது. தையல் மெஷின், கிரைண்டர், மீன் வைக்க ஐஸ் பெட்டி, தள்ளுவண்டி என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் 'ஆன்லைன் விளம்பரம்' என்று ஒரு வரி. அதற்கு எதிரே 8,000, 12,000 என்று ஒரு தொகை. விசாரித்தால், "வெப்சைட் போட்டுத் தருவதாக ஒருத்தர் சொன்னார்", "கூகுளில் முதலில் வர வைக்கிறோம் என்று போன் வந்தது" என்கிறார்கள். இந்தத் தொகையில் பெரும்பகுதி செலவழிக்கவே தேவையில்லாதது. அதற்காகக் கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்டத் திணறுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. பணம் கொடுக்காமலேயே என்னென்ன செய்துகொள்ளலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. வெளியூர் ஆட்கள் தாமாகவே வருகிறார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டை 1975-இல் வந்த 'இதயக்கனி' படம் தமிழ்நாட்டுக்கே காட்டியது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் அது சேர்ந்தது. சிதம்பரம் கோயிலுக்கு வருபவர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் எல்லாரும் ஒரு நடை பிச்சாவரம் வந்து போகிறார்கள். படகிலிருந்து இறங்கியதும் பசி எடுக்கிறது. கையில் இருக்கும் போனில் 'பக்கத்தில் சாப்பாடு' என்று தேடுகிறார்கள். அந்த நிமிடம் யாருடைய கடை வரைபடத்தில் தெரிகிறதோ அவருக்கு வியாபாரம். தெரியாத கடை 200 அடி தூரத்தில் இருந்தாலும், அவர்கள் வண்டியைத் திருப்பி 15 கிலோமீட்டர் போய் சிதம்பரத்தில்தான் சாப்பிடுவார்கள்.

ஆகவே முதல் வேலை, கூகுள் வரைபடத்தில் கடையைச் சரியாகப் பதிவது. இதற்குக் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர். 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்று தொடங்கி, 2021-இல் இந்தப் பெயருக்கு மாறியது. பழைய பெயரைச் சொல்லி யாராவது தனி ஆப் இறக்கச் சொன்னால் வேண்டாம். இப்போது கூகுள் தேடல் பக்கத்திலும் வரைபடத்திலுமே எல்லாம் செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பதிவதற்கு முன் உங்கள் கடைப் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள். நீங்கள் பதியாமலேயே, வந்து சாப்பிட்டுப் போன யாரோ ஒருவர் படம் எடுத்துப் போட்டு, பெயரைத் தப்பாக எழுதி, ஏற்கெனவே வரைபடத்தில் ஏற்றியிருக்கலாம். அப்படி இருந்தால் புதிதாக இன்னொன்று போடாமல், அதே பக்கத்தில் 'இது என் நிறுவனம்' என்று உரிமை கோருங்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருந்தால் வாடிக்கையாளரும் குழம்புவார், கூகுளும் இரண்டையும் சந்தேகப்படும். பெயர்ப் பலகையில் உள்ள பெயரையே எழுதுங்கள். 'பிச்சாவரம் பெஸ்ட் பிரியாணி நண்டு மீன் சாப்பாடு ஹோட்டல்' என்று பெயரை நீட்டினால் முதலில் வரும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது விதிக்கு மாறானது. பதிவையே முடக்கிவிடுவார்கள்.

கடை உங்களுடையதுதான் என்று கூகுள் உறுதி செய்துகொள்ளும். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவிலிருந்து நடந்து வந்து, பெயர்ப் பலகையைக் காட்டி, உள்ளே போய் அடுப்பு, கல்லா, பொருட்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். கல்லாவைத் திறப்பது, பூட்டைத் திறப்பது போல் கடைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைக் காட்டினால் நல்லது. அதைப் பார்த்து ஒப்புக்கொள்ளச் சில நாட்கள் ஆகும். பொறுத்திருங்கள்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பங்களிலும் தெருக்களிலும் கதவு எண் ஒழுங்காக இல்லாத இடங்கள் நிறைய. அதற்கும் வழி இருக்கிறது. வரைபடத்தில் உங்கள் கடை இருக்கும் புள்ளியை அழுத்திப் பிடித்தால், எழுத்தும் எண்ணும் கலந்து நடுவே ஒரு கூட்டல் குறியோடு ஒரு சிறு குறியீடு வரும். 'பிளஸ் கோடு' என்பார்கள். 2015 முதல் கூகுள் இலவசமாகக் கொடுத்து வருகிறது. அந்தக் குறியீட்டோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து அனுப்பினால், சென்னையிலிருந்து வருகிறவர்கூட வழி கேட்காமல் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பார். விசிட்டிங் கார்டில் 'பெரிய பள்ளிவாசல் பின்புறம்' என்பதோடு இதையும் அச்சிடுங்கள்.

நேரத்தைச் சரியாகப் போடுவது சின்ன விஷயம் போலத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நாம் மதியம் கடையைச் சாத்துகிறோம். ரமளானில் பகலில் மூடி மாலையில் திறக்கிறோம். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவருக்கு இது தெரியாது. வரைபடம் 'திறந்திருக்கிறது' என்று காட்டியதை நம்பி வந்து, பூட்டிய கதவைப் பார்த்த கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பகுதியாக நேரம் கொடுக்கலாம். பெருநாள், ரமளான், புயல் எச்சரிக்கை நாட்களுக்குச் 'சிறப்பு நேரம்' என்று தனியாகக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

வீட்டிலிருந்தே இடியாப்பம், வட்டலப்பம், மீன் ஊறுகாய், தையல் என்று தொழில் செய்யும் சகோதரிகள் பலர், "வீட்டு விலாசத்தை உலகத்துக்கே காட்டுவதா?" என்று தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாக இருந்தால், முகவரியை மறைத்துவிட்டு, 'சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரி' என்று சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம். உங்கள் படமும் தேவையில்லை. பொருளின் படம் போதும். தொழிலுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொண்டால், கண்ட நேரத்தில் வரும் அழைப்புகளிலிருந்து தப்பிக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கணக்கை யார் பெயரில் திறப்பது? நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்றால், பிள்ளையோ மருமகனோ தன் ஜிமெயிலில் திறந்துகொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் சவூதிக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறிவிடுகிறார். கடைக்கு இங்கே போன் நம்பர் மாறுகிறது. மாற்றிப் போட ஆள் இல்லை. இல்லையென்றால் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் தன் மெயிலில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் 200 ரூபாய் வாங்குகிறார். ஜிமெயில் கடை முதலாளி பெயரிலும் அவர் நம்பரிலும் இருக்கட்டும். உதவி செய்கிறவரை 'மேனேஜர்' என்று சேர்த்துக்கொண்டால் போதும். வெளியூரில் இருந்தும் அவர் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் ஒரு நிமிடத்தில் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டை வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் எழுதி வையுங்கள்.

விமர்சனம் பற்றிச் சொல்லியாக வேண்டும். அத்தா, மாமா, மச்சான் என்று இருபது பேரைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது நம் ஊரில் வழக்கமாகி வருகிறது. சாப்பிடாதவர் 'அருமையான சாப்பாடு' என்று எழுதினால் அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் விதியும் அதை அனுமதிக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய விமர்சனங்களுக்கென்றே 2022-இல் ஒரு தரக் குறியீடு வெளியிட்டிருக்கிறது. சாப்பிட்டு முடித்தவர்களிடம், நன்றாக இருந்தது என்றாலும் குறை சொன்னாலும், "இதையே கூகுளிலும் எழுதுங்களேன்" என்று கேளுங்கள். அது தப்பில்லை. விமர்சனம் போட்டால் பில்லில் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள். குறை சொல்லி எழுதினால் பதிலுக்குச் சண்டை போடாமல், 'அன்று மின்சாரம் இல்லை, தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்' என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து வருகிறவர் குறையோடு சேர்த்து உங்கள் பதிலையும் படிக்கிறார்.

படமும் இதே கணக்குத்தான். இணையத்திலிருந்து எடுத்த யாரோ ஒருவருடைய இறால் தட்டைப் போடாதீர்கள். படத்தில் ஆறு இறால், தட்டில் மூன்று என்றால் அளவில் மோசடி செய்ததாகத்தான் பேச்சு வரும். காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் வைத்து எடுத்தால் சாதாரணப் போனிலேயே நல்ல படம் வரும்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். 2018 ஜனவரியில் வெளியானது; சிறு வியாபாரிகளுக்கென்றே செய்த தனி ஆப், இலவசம். வழக்கமான வாட்ஸ்அப்பையும் இதையும் ஒரே போனில் வேறு வேறு எண்ணில் வைத்துக்கொள்ளலாம். இதில் பொருட்களைப் படம், விலையோடு அடுக்கிவைக்கும் கேட்டலாக் இருக்கிறது. 500 பொருள் வரை ஏற்றலாம். நமக்கு இருபது போதும். இது இருந்தால் "என்னென்ன இருக்கு, என்ன விலை" என்று ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. தொழுகை நேரத்திலும் இரவிலும் தானாகப் போகும் பதில் ஒன்றை எழுதி வைத்துவிடலாம். பணம் கட்டியவர், கட்டாதவர், பொருள் அனுப்பியாயிற்று என்று வாடிக்கையாளர்களுக்கு வண்ணச் சீட்டு ஒட்டிப் பிரிக்கலாம். கடன் நோட்டைவிட இது தேவலை என்பது என் அபிப்பிராயம்.

செய்தி அனுப்ப 'பிராட்காஸ்ட்' பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர். குரூப் போல ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. பெண் வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பொருள் கொடுக்கும்போதே, "எங்கள் நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். ஜமாஅத் குரூப்பிலும் மய்யித் அறிவிப்பு குரூப்பிலும் நைட்டி விளம்பரம் போடுவதை விட்டுவிடுங்கள். அட்மின்கள் சார்பாகவும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

விலைப்பட்டியல், பெருநாள் அறிவிப்பு போன்றவற்றை அழகாகச் செய்ய கேன்வா என்ற ஆப் இருக்கிறது. தமிழ் எழுத்துருவும் உண்டு, இலவசப் பகுதியே தாராளம். இன்ஸ்டாகிராம் துணி, மருதாணி, கேக் செய்கிறவர்களுக்கு உதவும். சாப்பாட்டுக் கடைக்கும் படகுத்துறைக் கடைக்கும் வரைபடம்தான் சோறு போடும்.

இனி, இந்த இலவசங்களின் மறுபக்கம். கூகுள் ஒரு காலத்தில் சிறு கடைகளுக்கு இலவச வெப்சைட்டும் கொடுத்தது. எத்தனையோ பேர் அதை நம்பி கார்டில் அச்சிட்டார்கள், பலகையில் எழுதினார்கள். 2024 மார்ச்சில் அந்த வெப்சைட்டுகளை எல்லாம் மொத்தமாக மூடிவிட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டபோது, டிக்டாக்கில் ஆட்களைச் சேர்த்து வியாபாரம் செய்தவர்களுக்கு அத்தனை பேரும் கைவிட்டுப் போனார்கள். 2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யவில்லை. மறுநாள் காலை ஆர்டர் எடுக்க வேண்டியவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். இது புறம்போக்கில் பந்தல் போட்டுக் கடை நடத்துவது போல. நடத்தலாம், நன்றாகவே நடக்கும். ஆனால் சரக்கை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடியாது. நம் சரக்கு வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும்தான். ஒரு 80 பக்க நோட்டில் பெயர், போன் நம்பர், ஊர், வழக்கமாக வாங்கும் பொருள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த ஆப் மூடினாலும் மறுநாள் போன் போட்டுக் கூப்பிடலாம். நோட்டை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். நம்மை நம்பிக் கொடுத்த எண்கள் அவை, அமானிதம்.

ஏமாற்றுக்காரர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை வரைபடத்திலிருந்து நீக்கப்படும்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பதிவுக்குக் கூகுள் பணம் கேட்பதில்லை. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் இலவசம்தான்; அதே போலத் தோன்றும் தனியார் பக்கங்கள்தான் காசு கேட்கின்றன. இன்னொரு வகை, ராணுவ அதிகாரி என்று சொல்லி 50 பிரியாணி ஆர்டர் கொடுப்பார்கள். 'முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்' என்பார்கள். யூபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

மாதம் ஒருமுறை பிசினஸ் ப்ரொஃபைலில் கணக்கைப் பாருங்கள். எத்தனை பேர் உங்களைப் பார்த்தார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று அதிலேயே இருக்கும். மூன்று மாதம் இதை ஒழுங்காகச் செய்த பிறகும் விளம்பரத்துக்குப் பணம் வேண்டும் என்று தோன்றினால், அந்த எண்களோடு விண்ணப்பம் கொடுங்கள். கமிட்டி பரிசீலிக்கும்.

தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து செய்து கொடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ். சகோதரிகளுக்குத் தனி அறையும், உதவிக்குப் பெண் பிள்ளைகளும் உண்டு. வரும்போது உங்கள் சொந்தப் போன், கடைப் பலகையின் படம், நான்கைந்து பொருட்களின் படமும் விலையும், உணவு விற்பவர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.