பழைய மோட்டார் வண்டியில் பற்றரி ஏன் இறங்குகின்றது?

காலை வேளையில் மோட்டார் வண்டி புறப்பட மறுக்குமாயின், பழி முழுவதும் பற்றரியின் மீதே சுமத்தப்படுவது வழக்கம். புதுப் பற்றரி வாங்கிப் பூட்டப்படுகின்றது. சில நாள் வண்டி ஒழுங்காக ஓடுகின்றது. பின்னர் அப்புதுப் பற்றரியும் இறங்கிவிடுகின்றது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்குப் பல நாள் உழைப்பு இவ்வாறு வீணாகின்றது. பற்றரி ஒரு தொட்டியைப் போன்றது. தொட்டி வற்றியதற்கு அதன் அடியில் உள்ள ஓட்டையே காரணமாகலாம். நீர் வரும் வாய்க்கால் அடைபட்டிருக்கலாம். கண்ணிற்படாத இடத்தில் நீர் கசியவும் கூடும். இவற்றுள் எது என்று அறியாமல் தொட்டியை மாற்றுவதாற் பயனில்லை.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் வண்டியைக் கொள்ளலாம். இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய இவ்வண்டி இலங்கையில் நெடுங்காலம் குடும்ப வண்டியாக விளங்கிற்று. 1960களில் அந்நியச் செலாவணி முடையினாற் கார் இறக்குமதி சுருங்கியபோது, இருந்த வண்டிகளைப் பேணுவதே வழியாயிற்று. 1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் பழைய பிரித்தானிய வண்டிகள் மண்ணெண்ணெயிலும் ஓடின. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது அவற்றின் அருமை இன்னொரு முறை உணரப்பட்டது.

முதலிற் பற்றரியையே பார்த்தல் வேண்டும். ஓரிரவு ஓய்ந்திருந்த 12 வோல்ற் பற்றரி நிறைந்திருப்பின் வோல்ற்மீற்றர் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 எனின் பாதியளவே உண்டு; 12க்குக் கீழெனின் ஏறக்குறைய வெறுமை. ஆயினும் ஓய்ந்திருக்கும் பற்றரி நல்லதுபோல் நடிப்பதுண்டு. ஸ்ராட்டர் சுழலும்போது நூறு அம்பியருக்கு மேலான மின்னோட்டம் வேண்டப்படுகின்றது. அவ்வேளையில் அளவு 9.5 வோல்ற்றுக்குக் கீழே விழுமாயின், நிறைவாக மின்னேற்றிய பின்னும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். அப்போதும் அவ்வாறே விழுந்தாற் பற்றரியை ஐயுறலாம்.

மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் ஐதரோமீற்றர் இன்னும் நல்ல சாட்சி. ஆறு அறைகளிலுமுள்ள அமிலத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும். குளிர்ந்த நாட்டில் 1.280 அளவுள்ள அமிலம் நிறைவைக் குறிக்கும். வெப்ப நாடுகளுக்கோ அதனினும் மென்மையான அமிலம் ஊற்றும் வழக்கமும் இருந்தது. ஆகவே எண்ணைக் காட்டிலும் ஆறு அறைகளும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். முழுநாள் மின்னேற்றிய பின்னரும் ஐந்து அறைகள் ஒருவாறும் ஆறாவது வேறாகவும் இருப்பின், அப்பற்றரிக்கு மருந்தில்லை.

பற்றரி நல்லதெனின் அடுத்தது இணைப்புக்கள். வோல்ற்மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயத் தூணிலும், மறுமுனையை அதன்மேற் பூட்டிய கவ்வியிலும் வைத்து, ஸ்ராட்டரை இழுக்கச் செய்தல் வேண்டும். முள் அசையாதிருத்தலே நன்று. ஒரு வோல்ற் காட்டினும் அவ்விடத்திற் பூஞ்சணம்போற் படிந்த வெண்பொடி மின்னோட்டத்தைத் தடுக்கின்றது என்பது துணிவு. அப்பச்சோடா கரைத்த வெந்நீரில் அதனைக் கழுவி, சுரண்டிப் பூட்டி, மேலே வசலீன் பூசினாற் போதும். எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனை வண்டியின் உடலுடன் இணைக்கும் ஏர்த் நாடா ஒன்றுண்டு. அது அறுந்திருப்பின் மின்சாரம் சோக் கம்பி வழியே ஓட முயலும். ஸ்ராட்டரை இழுத்தபின் சோக் கம்பி சுடுமாயின் வேறு சோதனையே வேண்டியதில்லை.

இரவிலே கசிவதைக் காண்பதும் எளிது. எல்லாச் சுவிச்சுக்களையும் நிறுத்தி, பற்றரியின் ஏர்த் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் தூணுக்கும் இடையே ஒரு சிறு மின்குமிழைப் பிடித்துப் பார்க்கலாம். குமிழ் ஒளிருமாயின் எங்கோ கசிவுண்டு. நூலுறை போர்த்த பழைய கம்பிகளில் இது வியப்பன்று.

இனி டைனமோ. இக்காலத்து வண்டிகளின் ஓல்ற்றநேற்றர் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் மின்சாரம் தரும்; டைனமோவோ அவ்வளவு தாராளமன்று. மைனரில் அமைந்த லூக்காஸ் டைனமோ முழுவேகத்திலும் ஏறத்தாழ 19 அல்லது 22 அம்பியரே தரும். ஆகையால் நின்ற நிலையிற் சிவப்பு விளக்கு மங்கலாக எரிவது நோயன்று. வேகம் கூடியும் அது அணையாவிடினே ஆராய வேண்டும். மழைக்கால இரவில் விளக்குகளும் துடைப்பானும் இயங்க நகருக்குள் ஊர்ந்து திரியும் வண்டியில், குறை எதுவுமின்றியே பற்றரி இறங்கும்.

விசிறிப் பட்டி தளர்ந்திருப்பின் அதனை முதலில் இறுக்குக. பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ்வது அளவு. பின்னர் டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, டி, எஃப் என்னும் இரு முனைகளையும் சிறு கம்பியாற் பிணைத்து, அவற்றுக்கும் ஏர்த்துக்கும் இடையே வோல்ற்மீற்றரை வைத்து, எஞ்சினை மெல்ல விரைவாக்க வேண்டும். முள் படிப்படியாக ஏறுமாயின் டைனமோ நலமே. 20 வோல்ற்றுக்கு மேல் ஏற விடுதல் ஆகாது. முள் அசையாவிடில், காபன் துண்டுகள் தேய்ந்தோ சிக்கியோ இருக்கலாம். அரை முதல் ஒரு வோல்ற் எனின் புலச்சுருளும், நான்கு ஐந்து எனின் ஆமேச்சரும் ஐயத்துக்குரியன.

டைனமோ நலமாயிருந்தும் பற்றரிக்கு மின்சாரம் சேராவிடின், இடையிலுள்ள கம்பிகளையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் நோக்க வேண்டும். பெட்டியின் தொடுமுனைகளைத் துடைக்கலாம். திருகாணிகளை மதிப்பாகத் திருப்புவோர் பற்றரியையும் டைனமோவையும் ஒருங்கே இழப்பர். அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருக்கும் பற்றரி, பெட்டி அளவுக்கு மிஞ்சி ஊட்டுகின்றது என்பதைச் சொல்கின்றது.

கராச்சுகளில் அடிக்கடி நேரும் பிழையொன்று உண்டு. பெரும்பாலான மைனர்களில் ஏர்த்துடன் சேர்வது நேர்முனை. இக்கால வண்டிகளுக்கு இது நேர்மாறு. பழக்கத்தினாற் பற்றரியை மாற்றிப் பூட்டினால், டைனமோவுக்குள் எஞ்சியுள்ள காந்தம் வேறு திசையில் நிற்கும். பற்றரியை முறைப்படி பூட்டிய பின், கட்டுப்பாட்டுப் பெட்டியின் எஃப் கம்பியைக் கழற்றி, ஏ முனையில் ஓரிரு கணம் தொட்டெடுத்தாற் காந்தம் உரிய திசைக்குத் திரும்பும். அதன்பின் அக்கம்பியைப் பழைய இடத்திற் பூட்டிவிடலாம்.