காட்டுக்குள் ஒரு போர் – 6: காயம்பட்டவர்கள்

சிவகங்கையிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் இருக்கிறது ஒக்கூர். ஒரே மகனின் கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பிய தாயைப் புறநானூற்றில் பாடிய மாசாத்தியாரைத் தங்கள் ஊர்க்காரராகவே இங்குள்ளவர்கள் கொண்டாடுகிறார்கள். 1801 ஜூலைக் கடைசியில், கர்னல் அக்னியூவின் கும்பெனிப் படை இந்த ஊரில்தான் கூடாரம் அடித்தது.

இங்கிருந்து சிறுவயலுக்குப் போன படை, சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களின் காளையார்கோயிலை அடையக் காட்டை வெட்டிப் பாதை போடத் தொடங்கியது. ஆகஸ்ட் மாதம் முழுக்க மரம் வெட்டினார்கள். மரத்துக்குப் பின்னாலிருந்தும் மண் அரண்களுக்குப் பின்னாலிருந்தும் மருதுவின் ஆட்கள் சுட்டார்கள். அரிசியும் மருந்தும் கொண்டுவரும் மாட்டு வண்டிகளை வழிமறித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அக்னியூ பாதை வேலையைக் கைவிட்டு மறுபடி ஒக்கூருக்கே திரும்பினார்.

இந்தப் போரை வெள்ளையருக்கும் தமிழருக்கும் நடந்ததாக மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. கும்பெனியின் சிப்பாய்கள் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமே. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பெனிப் பக்கம். செப்டம்பரில் மருதுவுக்குப் போட்டியாகப் படமாத்தூர் கௌரி வல்லபருக்குக் கும்பெனி சோழபுரத்தில் பட்டம் கட்டியதும் சிவகங்கைச் சீமையே இரண்டாகப் பிளந்தது. காட்டின் இரு பக்கமும் செத்தவர்கள் ஒரே மண்ணின் பிள்ளைகள்.

அந்தக் காலப் போர்களில் ஆயுதத்தைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது. மலேரியாக் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் நிரூபித்தது 1897இல். அதுவரை காட்டின் கெட்ட காற்றைத்தான் குறை சொன்னார்கள். குட்டை நீரைக் குடித்தவர்களுக்கு வயிற்றுக்கடுப்பு. குண்டு எலும்பை நொறுக்கினால் காலை அறுத்து எடுப்பார்கள். மயக்க மருந்து வர இன்னும் 45 வருடங்கள் இருந்தன. நினைவோடு இருப்பவனை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, ரம்பம் ஓடும். கும்பெனிப் படைக்காவது சர்ஜனும் டோலி தூக்குபவர்களும் இருந்தார்கள். மருதுவின் ஆளுக்குப் பச்சிலைக் கட்டும் பெற்றவளும்தான்.

பெற்றவள் என்று சும்மா சொல்லவில்லை. 1801 மே 24இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கும்பெனியிடம் விழுந்தபின், பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிப் போனாள் ஒரு தாய். குற்றுயிராகக் கிடந்த அவன், ‘என்னை விட்டுவிடு, சாமியைக் காப்பாற்று’ என்று பக்கத்தில் கிடந்த பாஞ்சாலங்குறிச்சித் தலைவர் ஊமைத்துரையைக் காட்டினான். அவரைத் துணியால் மூடித் தூக்கி வந்தார்கள். எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, வைசூரியில் செத்த பையன் என்றார்கள். வந்தவர்கள் துணியை விலக்கிக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள். பசுவம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்ததே 1802இல்தான். அந்த நோய்க்கு அவ்வளவு பயம். ஊமைத்துரை பிழைத்து, மருதுவிடம் சேரச் சிறுவயலுக்கு வந்தார். மகன் செத்துப்போனான். இதை எழுதி வைத்தவர் எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்.

மருதிருவருக்குச் சிலை வைத்தோம், குருபூஜை நடத்துகிறோம். செய்யவேண்டியதுதான். ஆனால் அந்த மகனும், காய்ச்சலில் விழுந்த சிப்பாயும், காட்டில் மரம் வெட்டிய கூலியாளும் நம் வரலாற்றுக்குள் வரவேண்டும். போர் எத்தனை உடம்பைத் தின்றது என்று தெரிந்தவர்களே வீரத்தின் விலையையும் அறிவார்கள்.

1801 அக்டோபர் 1 அன்று மூன்று பக்கமிருந்தும் படை காளையார்கோயிலுக்குள் நுழைந்தது. அது எப்படி நடந்தது?

(அடுத்த வாரம்)